அம்மாவும் ஒரு நொதியும்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அடையாறு காந்தி நகரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில், மருந்து தரும் சன்னலுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, அக்கா மாத்திரை சாப்பிடத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. லெட்ரோசோல், இரண்டரை மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, ஐந்து வருடத்துக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவள் கையிலிருந்த ஃபைலால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பாமலே, "டேய், நான் அம்மா மாதிரி ஆயிண்டு வரேன்டா" என்றாள்.

முகச்சாயலைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அறுபத்தைந்து வயதில் எல்லோரும் அவரவர் அம்மாவைப் போல ஆகிவிடுகிறோம், நான் உட்பட. அவள் சொன்னது அதையல்ல. "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரது. உடம்பெல்லாம் எரியறது. காலங்கார்த்தால யாரையாவது கடிச்சுக் குதறணும்னு இருக்கு. அம்மாவுக்கு இருந்ததோல்லியோ, அந்த வருஷம்?"

அந்த வருடம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் ஒரே வருடம்தான். 1983.

அப்போது மயிலாப்பூரில், சித்திரக்குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், ஐந்து குடித்தனம் உள்ள வீட்டில் இரண்டாவது போர்ஷனில் இருந்தோம். அப்பா ஏஜி ஆபீஸ். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகவில்லை. நான் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. அப்பாவின் அம்மா ஆறு வருடமாகப் படுத்த படுக்கை. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது.

அதுவரை குரல் உயர்த்திப் பேசாத பெண்மணி என்று குடித்தனக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடம் பங்குனி உற்சவம் முடிந்த வெயிலில் ஏதோ தொடங்கியது. விடியற்காலையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்கும். ஒருநாள் ஈயச்சொம்போடு ரசத்தை முற்றத்தில் வீசினாள். கிணற்றடியில் உட்கார்ந்து காரணம் சொல்லாமல் அழுதாள். மார்கழியில்கூடத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு தரையில் படுத்தாள். பக்கத்துப் போர்ஷன் மாமி "வயசுக் கோளாறு" என்று அம்மாவின் காதுபடவே சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வழக்கமே அதுதான்.

தியாகராய நகரில் ஒரு மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம், அவர் காலமாகியும் பல வருடம் ஆகிவிட்டது. அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமலே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி, "ஒண்ணுமில்லை, வீட்ல வேலை கொஞ்சம் கூடுதலா குடுங்க, சரியாயிடும்" என்றார். படித்தவன் படித்தவனிடம் சொல்வது போன்ற தொனி. நானும் அதே தொனியில் தலையை ஆட்டினேன். பனகல் பூங்கா அருகே பல்லவன் பஸ்ஸுக்காக நிற்கும்போது அம்மாவிடம், "கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்திக்கோம்மா" என்றேன்.

அம்மா சொன்னாள்: "மனசு எங்கேடா இருக்கு? நீதான் படிக்கறியே, சொல்லேன்."

கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வியாகவே கேட்டிருக்கலாம் என்று தோன்ற எனக்கு நாற்பது வருடம் பிடித்தது.

நான் பிறகு முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் நொதிகளைப் பாடம் நடத்தினேன். நொதி என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. நொதித்தல் என்பதிலிருந்து வந்த சொல். ஐரோப்பியர்களின் சொல்லும் அப்படித்தான்; 'புளித்த மாவுக்குள்' என்று பொருள்படும் கிரேக்கத் துண்டுகளை ஒட்டி ஜெர்மானியர்கள் உண்டாக்கியது. மொழிகள் வேறானாலும் சமையலறை ஒன்றுதான். மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணமும் இட்லி மாவுதான். ஆனி மாதம் ஆறு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் பதினான்கு மணி நேரம் ஆனாலும் சோம்பிக் கிடக்கும். மாவு மாறவில்லை, அதனுள் நடக்கும் வினையின் வேகம் மாறிவிட்டது. அம்மா மார்கழியில் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றி அடுப்போரம் வைப்பாள். மறந்துபோய் இன்னொரு பாத்திரத்தைச் சன்னலோரம் விட்டிருந்தால், ஒரே ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு ஒன்றில் பொங்கியும் மற்றொன்றில் அப்படியேயும் இருக்கும். இந்த உதாரணத்தை வருடம் தவறாமல் சொன்னேன். அடுப்போரத்தில் நின்றவளைப் பற்றி யோசிக்கவில்லை.

பாடத்திட்டத்தில் மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி ஒரே ஒரு வரியாக வரும். செரட்டோனின், நார் அட்ரினலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி. தேர்வில் இரண்டு மதிப்பெண். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் என்று சொல்லலாம். அவர் மிகையான சுறுசுறுப்போடு இறங்கிவிட்டால், சொல்லி முடிக்கும் முன்பே எல்லாம் வாரப்பட்டுவிடும்.

அதை மருத்துவ உலகம் கவனித்ததே தற்செயலாகத்தான். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், ஸீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியாஸிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் தேறியதோ இல்லையோ, நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். அந்த மருந்து மேற்சொன்ன நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது அதே காலகட்டத்தில் தெரியவந்தது. மன அழுத்தத்துக்கான முதல் மாத்திரைகள் அந்த வழியில் பிறந்தன. அதன் உடன்பிறப்பான ஐசோனியாஸிட்தான் நம் சென்னையில், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே வைத்துக் கொடுக்கப்பட்டு, சானடோரியத்தில் படுக்க வைப்பதற்கு இது சற்றும் குறைந்ததல்ல என்று உலகுக்கு நிரூபிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகளில் ஒன்று நெஞ்சுக்கும் மற்றொன்று மனசுக்கும் போனது. இது வழிவிலகல்தான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அக்கா அந்த வாக்கியத்தைச் சொன்ன வாரத்தில், ஓய்வுபெற்றவனுக்கு உரிய நேரத்தோடு, பழைய ஆய்விதழ்களைத் தோண்டத் தொடங்கினேன். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா லூயின், கில்செவ்ஸ்காயா, புரூஸ் மெக்யூவன் ஆகிய மூவர் 1974இலும் 1975இலும் வெளியிட்ட கட்டுரைகள் கிடைத்தன. பாலியல் ஹார்மோன்கள் மூளையிலும் பிட்யூட்டரியிலும் உள்ள நொதிகளை என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். முறை எளியது, கொஞ்சம் கொடியதும்கூட. பெண் எலிகளின் சூலகங்களை எடுத்துவிடுகிறார்கள். சிலவற்றுக்கு மட்டும் ஈஸ்ட்ராடயால் என்ற பெண் ஹார்மோனை ஊசி மூலம் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நொதிகளின் வேகத்தை அளக்கிறார்கள்.

ஹைபோதலாமஸின் அடிப்பகுதியிலும் அமிக்டலாவின் ஒரு பகுதியிலும், ஹார்மோன் கிடைத்த எலிகளுக்கு மோனோ அமைன் ஆக்ஸிடேஸின் வேகம் குறைந்திருந்தது. பிட்யூட்டரியில் நேர்மாறாக, குளுக்கோஸைப் பயன்படுத்தும் நொதிகள் விழித்துக்கொண்டு வேகம் கூட்டியிருந்தன, வேலை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு அடுப்பு மூட்டுவது போல. மூளையின் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. ஹார்மோன் இரத்தத்தோடு தலை முழுவதும்தான் சுற்றுகிறது. அதை ஏற்கும் வாங்கிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கேதான் மாற்றம். கம்பளி சுற்றிய பாத்திரமும் சன்னலோரப் பாத்திரமும். ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட இது ஒன்றுபோல இல்லை. நினைவோடும் கவனத்தோடும் தொடர்புள்ள அசிட்டைல் கோலினை உண்டாக்கும் நொதியை, மூளையின் முன்னடிப் பகுதியில், ஈஸ்ட்ராடயால் பெண் எலியில் கூட்டியது போல ஆண் எலியில் கூட்டவில்லை என்று லூயின் குழுவினர் 1986இல் எழுதினார்கள்.

அந்த முதல் கட்டுரையின் ஆண்டைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1974. பனகல் பூங்கா அருகே நான் அம்மாவுக்கு உபதேசம் செய்ததற்கு ஒன்பது வருடம் முன்பு. நான் ஆய்விதழ்களைப் புரட்டக் கற்றுக்கொண்டிருந்த வருடங்களில் இது நூலக அலமாரிகளில் கட்டுக்கட்டாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சித்திரக்குளத்திலிருந்து அது எத்தனை மைல்? எலியின் அமிக்டலாவிலிருந்து எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துசேரத்தான் பாதை இல்லாமல் போயிற்று. பாதை போடக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

தமிழ்ப் பாடநூல்களில் பிட்யூட்டரிக்குக் கபச் சுரப்பி என்று பெயர். மூளையின் சளி இந்தச் சுரப்பி வழியாகத்தான் மூக்குக்கு வடிகிறது என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியதால் லத்தீனில் சளிச் சுரப்பி என்று பெயர் வைத்தார்கள். நாம் பிழையைக்கூட விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டோம். பட்டாணி அளவுள்ள இந்தச் சுரப்பிதான் மாதந்தோறும் சூலகத்துக்கு ஆணையிடுகிறது. சூலகம் ஓயும்போது பதில் வராது. பதில் வராததால் இது இன்னும் உரக்கக் கூப்பிடும், மேலும் உரக்க. மாதவிடாய் நின்ற பெண்ணின் சிறுநீரிலேயே அந்தக் கூப்பாடு இறங்கி வழிகிறது. 1950களில் இத்தாலியில் வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து, பிள்ளையில்லாத பெண்களுக்கு மருந்தாக்கினார்கள். 1962இல் இஸ்ரேலில் அம்மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. எந்தப் புனைகதையாளனும் எழுதத் துணியாத விஷயம். எனக்கென்னவோ, பதில் வராத இடத்தை நோக்கி விடியற்காலையில் உரத்துக் கூவுவது என்றால் கபச் சுரப்பியைவிட வேறொரு உருவம்தான் கண்முன் வருகிறது.

மனிதர்களுக்கு வருகிறேன். எலியில் கண்டதைப் பெண்ணிடம் காண, உயிரோடு இருப்பவரின் மூளையைப் பிரிக்காமலே படம் எடுக்கும் கருவி வரவேண்டியிருந்தது. டொரான்டோவில் ஜெஃப்ரி மேயரின் குழு பாஸிட்ரான் படக்கருவியைக் கொண்டு இந்த நொதியை அளந்தது. பிரசவமான நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை, மூளையில் மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் ஏ சராசரியாக 43 சதவீதம் உயர்ந்திருந்தது என்று 2010இல் எழுதினார்கள். கர்ப்பத்தில் மலைபோல் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், பிள்ளை பிறந்த மூன்று நான்கு நாட்களில் நூறு மடங்குக்கும் மேல் சரிகிறது. கட்டவிழ்ந்த நொதி எழுகிறது. மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்துப் பெண்களை 2014இல் அளந்தார்கள். இளவயதுப் பெண்களைவிட 34 சதவீதம் கூடுதல். முற்றிலும் நின்றுபோனவர்களைவிடவும், நின்றுகொண்டிருக்கும் காலத்தில் இருப்பவர்களுக்கே அதிகம்.

43 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு 1990 நினைவுக்கு வந்தது. மகள் பிறந்து, என் மனைவியை மயிலாப்பூர் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம். வாங்கிவரச் சொன்னதெல்லாம் வாங்கியாகிவிட்டது, கச்சேரி ரோடு டப்பா செட்டி கடை பிரசவ லேகியம் உட்பட. ஐந்தாம் நாள் காலையிலிருந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது, பால் இருக்கிறது, வலி இல்லை. ஏன் என்று நான் நான்கு முறை கேட்டேன். அம்மா என்னை அறையிலிருந்து வெளியே போகச் சொன்னாள். "அஞ்சாம் நாள் அழுகைடா. ஏன்னு கேட்கப்படாது. பக்கத்தில உட்காரணும், அவ்வளவுதான்." உட்கார்ந்தாள். அன்று இரவெல்லாம் உட்கார்ந்தாள். ஏழெட்டு நாளில் எல்லாம் தெளிந்தது. எல்லோருக்கும் அப்படித் தெளிவதில்லை, சிலருக்கு மருத்துவம் தேவைப்படுகிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா நாளைக்கூடச் சரியாகச் சொன்னாள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. தன்னுடைய அந்த வருடத்தில் அவள் பக்கத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்காமல் உட்காரவில்லை.

இவ்வளவையும் தாளில் எழுதிக்கொண்டு, பிழை திருத்தச் சான்றிதழ் வாங்கி வந்தவனைப் போல அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மாத்திரையையும் விளக்கினேன். சூலகம் ஓய்ந்த பிறகும் உடலில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் ஊறுகிறது. கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனை எடுத்துப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. மூளையிலேயே இந்த வேலை நடக்கிறது என்று நாஃப்டோலின் என்பவரின் குழு 1971இல் மனிதக் கருவின் மூளைத்திசுவை வைத்துக் காட்டியது. ஆண்களின் மூளையிலும் இதே தொழிற்சாலை உண்டு. மீசையை முறுக்கும் எந்த ஆணின் தலைக்குள்ளும் ஈஸ்ட்ரோஜன் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. லெட்ரோசோல் அந்த நொதியை அடைத்துவிடுகிறது. கட்டிக்குத் தீனி நிற்கிறது. உடம்பும் மூளையும் அந்தக் கடைசிச் சொட்டை இழக்கின்றன. ஆக நொதி ஹார்மோனை உண்டாக்குகிறது, ஹார்மோன் இன்னொரு நொதியை அடக்குகிறது, முதல் நொதியைக் கட்டிப்போட்டால் இரண்டாவது அவிழ்த்துவிட்டதுபோல் ஆகலாம். "அதனால அம்மா மேலயும் தப்பில்லை, உன் மேலயும் தப்பில்லை" என்று முடித்தேன்.

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்போ அம்மா கோபப்பட்டதுக்குக் காரணமே இல்லைங்கறியா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த ரசச்சொம்பை ஏன் வீசினான்னு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது. அக்கா சொன்னாள். அம்மா தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகளைக் கல்யாணத்துக்குப் பிறகே ஒவ்வொன்றாக எழுதியவள். விஷாரத் வரை தேறியிருந்தாள். பிரவீண் முடித்துவிட்டால் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், கையில் கொஞ்சம் காசு புரளும். பாட்டி படுத்ததிலிருந்து ஆறு வருடம் அது தள்ளிப்போனது. 1983இல், இனிமேல் தள்ளினால் ஆகாது என்று, தியாகராய நகர் சபாவுக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து, பூர்த்தி செய்து, அப்பாவின் கையெழுத்துக்காக மேசைமேல் வைத்தாள். மூன்றாம் நாள் காலை பார்த்தால், படிவத்தின் பின்புறம் அப்பா அந்த மாதப் பால் கணக்கைப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "வெத்துக் காகிதம்னு நினைச்சேன்" என்றார். அன்றைக்குத்தான் ரசம் முற்றத்துக்குப் போனது.

"நொதி ஏறித்தோ இறங்கித்தோ எனக்குத் தெரியாது. அன்னிக்கு அவ கோபப்பட்டது சரி" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருஷம் கோபப்படாம இருந்தாளே, அதுக்கு எந்த நொதி காரணம்னு பாரேன்."

நான் பதில் வைத்திருக்கவில்லை. வகுப்பறையில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால், நல்ல கேள்வி என்று சொல்லி மணியடிக்கும்வரை சமாளித்திருப்பேன். ஆய்வாளர்கள் யாரும் நொதி கோபத்தை உண்டாக்குகிறது என்று எழுதவில்லை; அவர்கள் அளந்தது வேகத்தை மட்டும்தான். மீதியை நான் எழுதிக்கொண்டேன், அம்மாவை மன்னிப்பதற்காக. அவள் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அவள் பனகல் பூங்கா அருகே என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள், அதற்கு இந்தத் தாளில் பாதி விடை இருக்கிறது. மறுபாதி பால் கணக்கின் பின்பக்கம். 1983இல் பாதி விடை கிடைத்திருந்தால்கூட, அந்தத் தூக்க மாத்திரையை நான் லஸ் முனையில் வாங்கிக் கொடுத்திருக்கமாட்டேன் என்று நம்ப விரும்புகிறேன். அம்மா 2009இல் காலமானாள். பிரவீண் எழுதவே இல்லை.

அடுத்த முறை அடையாறு போனபோது, இரவு விழிப்பையும் எரிச்சலையும் கோபத்தையும் மருத்துவரிடம் சொல்லும்படி அக்காவை வற்புறுத்தினேன். மாத்திரையை அவளாகவே நிறுத்திவிடுவாளோ என்ற பயமும் எனக்கு இருந்தது. இளம் பெண் மருத்துவர். அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எத்தனை முறை விழிப்பு, எத்தனை மணிக்கு, மூட்டுவலி உண்டா என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனால் இவற்றுக்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன என்று சொல்லி ஒவ்வொன்றாக விளக்கினார். பத்து நிமிடம் இருக்கும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் இது என்பது, வெளியே வரும்போது ஏனோ ஞாபகம் வந்தது.

கடைசியில் என்னிடம் திரும்பி, "நீங்க ஏதாவது கேட்கணுமா சார்?" என்றார் அந்த மருத்துவர். தாள் சட்டைப்பையில் இருந்தது. ஒன்றுமில்லை என்றேன்.

மருந்து சன்னலில் கூட்டம். அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலால் விசிறத் தொடங்கினாள். ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் டோக்கன் எண்பத்து நான்கு. பலகையில் அறுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.